பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தங்கை

அந்தக் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். நடக்க ஒரு பாதை, ஓட ஒரு பாதை, குழந்தைகள் சறுக்கி விளையாட மணல் போட்ட ஒரு மூலை. நாய்கள் கால் தூக்குவதற்குக்கூட வேலி கட்டிய ஒரு புல்தரை இருந்தது. மரங்கள் கயிறு பிடித்து நட்டவை. ஒன்று கொஞ்சம் சாய்ந்தால் மறுநாளே முட்டுக் கொடுக்க ஆள் வந்துவிடும். வீடுகளெல்லாம் ஒரே வெள்ளை. கதவுகளெல்லாம் ஒரே சாம்பல் நிறம். இவ்வளவையும் யோசித்து யோசித்துச் செய்தவர்கள், கடைசி வரிசையில் குடிவரப் போகும் ஒருத்திக்குப் பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு தங்கை இருப்பாள் என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார்கள்.

அவளுக்கு ரொட்டி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் ரொட்டித் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. தட்டுக் கழுவுகிற பெண்ணாக உள்ளே போனவள், இன்று அடுப்புப் பிரிவு முழுவதற்கும் மேற்பார்வையாளர். விடிவதற்கு முன் போவாள், மதியம் திரும்புவாள். இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகத் தழும்புகள். எல்லாம் சூடான தட்டின் விளிம்பு பட்டவை. "வளையல் போடாத குறையை அடுப்பு தீர்த்து வச்சிடுச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கேட்பவர்களால்தான் கூடச் சிரிக்க முடியாது.

அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளியை முடிக்கவில்லை. தங்கை அப்போது பள்ளியில் சேரக்கூட இல்லை. அன்றிலிருந்து அவள்தான் தாய், அவள்தான் தகப்பன். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வாள்: "நான் தனியா வரமாட்டேன். குட்டியும் என்கூட வருவா." வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சிலர் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் குட்டி வளர்ந்து, ஒரு லாரி ஓட்டுநரைக் கைப்பிடித்துக்கொண்டு போனாள். அக்கா மட்டும் வாடகை அறையில், பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் வாழ்க்கையிலேயே தங்கிவிட்டாள்.

அப்படிப்பட்டவள் சொந்த வீடு வாங்கப் போகிறேன் என்றபோது, முதலில் அழுதது தங்கைதான்.

வீட்டைப் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். தங்கை குடியிருந்த சந்தின் கடைசியில் ஒரு புதர்க்காடு. அதைத் தாண்டினால் பூச்சு வேலை நடக்கும் புது வீடுகள். ரொட்டி அக்காவுக்கான வீடு கடைசி வரிசையில், புதர்க்காட்டை ஒட்டியே நின்றது. பின்பக்க ஜன்னலில் நின்றால் தங்கையின் சமையலறை தெரிந்தது. அங்கே கொடியில் தொங்கிய துண்டின் கிழிசல்கூடத் தெரிந்தது.

"அக்கா! அடுப்புல பாலை வச்சுட்டு இங்க வந்து உன்கிட்ட சர்க்கரை வாங்கிட்டுப் போனாலும் பால் பொங்கியிருக்காது போலிருக்கே!"

"சர்க்கரை மட்டுமா வாங்குவே? வந்தா வாய் ஓயாம பேசுவே. பால் பொங்கி, பாத்திரம் கரிஞ்சு, வீடே புகையும்."

அந்தச் சிரிப்போடு அவள் வீட்டை உறுதி செய்துவிட்டாள். அறைகளைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், கதவுகளைத் தட்டிப் பார்த்தாள். எது கட்டி முடித்திருக்கிறது என்று பார்த்தாளே தவிர, இனிமேல் எதைக் கட்டப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாவி கையில் வந்த நாள், ஆசை ஆசையாகப் பின்கதவைத் திறந்தாள். எதிரே ஒரு சுவர்! அவள் கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடுக்கு இல்லாமல், சந்து இல்லாமல், ஈவு இரக்கம் இல்லாமல் ஒரு சுவர். புதர்க்காட்டையும் காணோம், தங்கையின் ஜன்னலையும் காணோம். வெளியே போக இருந்தது ஒரே வாசல். அதுவும் மறுகோடியில், நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு. அந்த வாசலில் இறங்கி, மதிலைச் சுற்றி, கால்வாய்ப் பாலம் ஏறி, பேருந்து பிடித்து, கடைத்தெருவில் இறங்கிச் சந்துக்குள் நடந்தால்தான் தங்கை வீடு. கூப்பிட்டால் கேட்கும் தூரம், போனால் போய்க்கொண்டே இருக்கும் தூரமாகிவிட்டது.

அன்று மாலை சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அக்கா... இருக்கியா?"

"இருக்கேன்டி."

"மூஞ்சியைப் பார்க்க முடியலையே அக்கா."

ரொட்டி அக்கா சுவரை ஒட்டி வந்தாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தப்பக்கம் தங்கையும் அப்படித்தான் நின்றிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த வீட்டைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எப்போது திறந்தாலும் தண்ணீர் வந்தது. வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் வெளியிலிருந்து தட்டாத குளியலறையில் நிதானமாகக் குளித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக! இருட்டிய பிறகும் பெண்கள் தனியாக நடந்தார்கள். தெருவிளக்கு எரியாத நாளே இல்லை. பள்ளம் இல்லாத சாலை. எல்லாவற்றையும்விடப் பெரிய நிம்மதி, 'ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?' என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி நாளாக ஆக உறுத்த ஆரம்பித்தது. அங்கே யாரும் யாரையும் எதுவுமே கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புன்னகை செய்வார், எதிர்வீட்டுக்காரி தலையசைப்பாள். அத்தோடு சாம்பல் நிறக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் தங்கை மூன்றாம் முறையாகக் கருவுற்றாள்.

முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் அவளை மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு கூட்டி வந்தது அக்காதான். இந்த முறை மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது. பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் வேணும்."

பக்கத்தில் இருக்க வேண்டிய கணவன் லாரியில் ஊர் ஊராகச் சுற்றினான். வீட்டில் இருந்தது மாமனார் ஒருவர். அவரும் பழைய லாரிக்காரர். ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. குரல் மட்டும் அப்படியே இருந்தது. மகனிடம் லாரியைக் கொடுத்தவர் ஹாரனைத் தானே வைத்துக்கொண்டார் என்று சந்தில் கேலி பேசுவார்கள். ஒரே அறை, ஒரு சமையலறை. மாமனார் கட்டில் ஒரு பக்கம், மருமகள் கட்டில் ஒரு பக்கம். மூன்றாவதாக ஒருவர் காலை நீட்ட இடமில்லை.

"நீ என் வீட்டுக்கு வந்துடு குட்டி. காத்தோட்டமா இருக்கும்."

"மாமாவை யார் பார்த்துப்பாங்க?"

"மாமாவையும் கூட்டிட்டு வா."

"நான் வரமாட்டேன் அம்மாடி" என்றார் மாமனார். "மகன் லாரியை விட்டு இறங்கினா முதல்ல தேடுறது இந்த வாசலைத்தான். உங்க ஊர்ல என் மகன் உள்ள வரணும்னாலே வாசல்ல நிக்கிறவனுக்குத் தாத்தா பேர் வரைக்கும் சொல்லணுமாமே!"

அதுவும் உண்மைதான். விருந்தாளிகள் நாள்கணக்கில் தங்கக் குடியிருப்போர் சங்கத்தின் விதியும் இடம் கொடுக்கவில்லை.

ரொட்டி அக்கா சங்கத்தின் செயலாளரைப் போய்ப் பார்த்தாள். ஓய்வு பெற்ற காப்பீட்டு அதிகாரி அவர். காலமெல்லாம் தீ விபத்தையும் திருட்டையும் வெள்ளத்தையும் பார்த்தே பழகிப்போனவர். குழந்தை பலூன் ஊதினால்கூட அது வெடித்தால் என்ன ஆகும் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

"சார், பின்சுவர்ல ஒரு சின்ன வாசல். ஒரே ஒரு ஆள் போற அளவுக்கு. பூட்டு நீங்களே போட்டுக்குங்க."

"அம்மா, ஒரே வாசல்னுதான் எல்லாரும் இங்க வீடு வாங்கியிருக்காங்க. இன்னொரு வாசல் வச்சா இது இன்னொரு தெரு ஆயிடும்."

"என் தங்கச்சி உயிர் சார்."

அவர் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு பழையபடி இறுகியது. "எங்க பழைய வீட்டுல திருடன் புகுந்து என்னையும் என் மனைவியையும் நாற்காலியில கட்டிப் போட்டான். அதுக்கப்புறம் எனக்குச் சுவர் இருந்தாத்தான் தூக்கம் வரும். மன்னிச்சுக்குங்க."

அந்த மனிதரை வெறுக்கவும் அவளால் முடியவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் அவள் ஓர் அலுமினிய ஏணி வாங்கி வந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் மாமனார் தன் அதிகாரத்தைக் காட்டிச் சந்துக்காரர்களை விரட்டி ஒரு மர ஏணியைச் சாத்த வைத்தார். தினமும் மதியம் அடுப்பு வேலை முடிந்து வந்ததும், ரொட்டி அக்கா பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த ஏணியில் ஏறுவாள், சுவரின் மேல் உட்கார்ந்து திரும்புவாள், அந்த ஏணியில் இறங்குவாள். நாற்பதைத் தாண்டிய உடம்பு. முதல் நாள் முழங்கால் நடுங்கியது. இரண்டாம் நாள் முழங்காலுக்கும் பழகிவிட்டது.

"வந்துட்டியா குரங்கே!" என்று தங்கை படுத்தபடியே சிரிப்பாள்.

"ஆமாண்டி, குரங்கு உனக்காக ரொட்டியும் கொண்டு வந்திருக்கு. தின்னு."

தங்கைக்குத் தலை வாரிவிடுவாள், கால் பிடித்துவிடுவாள், மாமனாருக்குச் சவரம் செய்துவிடுவாள், சூப் வைத்துக் கொடுப்பாள். இருட்டுவதற்குள் திரும்ப ஏறிவிடுவாள். தங்கையின் கன்னத்தில் மெல்ல நிறம் வந்தது. வயிற்றுக்குள் இருந்த உயிர் உதைக்க ஆரம்பித்தது. அக்காவின் உள்ளங்கையை எடுத்து அந்த உதையின் மேல் வைத்துக்கொள்வாள் தங்கை. முன்பு இரண்டு முறை அந்த உதை நின்றுபோனது இரண்டு பேருக்கும் நினைவிருந்தது.

ஏணி விஷயம் பரவியது. பரவியதும் நடந்ததுதான் வேடிக்கை.

முதலில் வந்தவள் எதிர்வீட்டுக்காரி. இத்தனை நாளும் தலை மட்டும் அசைத்தவள், ஒருநாள் வாய் திறந்தாள். "அந்தப்பக்கம் ஒரு பல் டாக்டர் இருக்காராமே... உங்க ஏணியில ஒரே ஒரு தடவை..." அடுத்து பக்கத்து வீட்டுக்காரர் செருப்புத் தைக்க வேண்டும் என்று வந்தார். குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் பலர் அந்தச் சந்தில் இருந்துதான் வந்தார்கள். அவர்கள் அந்தப்பக்கத்திலிருந்து ஏறி இந்தப்பக்கம் இறங்கினார்கள். சில நாட்களில் ரொட்டி அக்காவின் பின்கட்டில் வரிசையே நின்றது. ஏறக் காத்திருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். ஒருவருக்கு மகன் வெளிநாட்டில் என்பதும், இன்னொருத்திக்கு நன்றாகப் பாட வரும் என்பதும், ஒரே தெருவில் இத்தனை காலம் இருந்தும் அந்த ஏணிக்கடியில்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை செயலாளர், கேட் காவலாளியை அழைத்துக்கொண்டு ரொட்டி அக்காவின் பின்கட்டுக்குள் நுழைந்தார். "இந்த ஏணியை இப்பவே எடுக்கணும். சங்கத்தோட சுவர்ல எதையும் சாத்தக்கூடாது" என்று ஆரம்பித்தவர், மேலே பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

சுவரின் மேல் ஒரு காலை இந்தப்பக்கமும் ஒரு காலை அந்தப்பக்கமும் போட்டுக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், கையில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி!

"நீ... நீயா!"

"நானேதான். வாயைப் பொளந்துகிட்டு நிக்காம ஏணியைப் பிடிங்க. ஆடுது."

"இந்த வயசுல உனக்கு இது தேவையா? கீழ இறங்கு!"

"இறங்குறேன், எந்தப்பக்கம்னுதான் யோசிக்கிறேன். இங்க இருக்கிற கடையில எல்லாத்துலயும் விலை ஒட்டி வச்சிருக்கான். பேரம் பேசி எவ்வளவு காலமாச்சு தெரியுமா? இன்னிக்கு ஒரு கீரைக்காரிகிட்ட வாய் வலிக்கச் சண்டை போட்டேன். மனசு எவ்வளவு லேசா இருக்கு!"

கீழே நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காவலாளி வானத்தைப் பார்த்தான். அந்தப்பக்கத்திலிருந்து மாமனாரின் குரல் இடித்தது: "யாருப்பா அது, மேல மாட்டிகிட்ட அம்மாவைத் திட்டுறது? அவங்க கியரை நியூட்ரல்ல போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. நீ ஹாரன் அடிச்சா வண்டி நகருமா?"

சிரிப்பு வெடித்தது. செயலாளரின் முகம் சிவந்தது. மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கியவர், யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை.

சில நாள் கழித்து, மதியம் ரொட்டி அக்கா வீடு திரும்பியபோது ஏணியைக் காணோம். பின்கட்டில் கூலிக்காரர்கள் சிலர் நின்றார்கள். துளை போடும் பெரிய இயந்திரம் ஒன்று தரையில் கிடந்தது. சுவரின் தலையில் இரும்புக் கம்புகள் நட்டு, முள்கம்பி சுருள் சுருளாக ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் தொப்பி போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"சார்... என் ஏணி?"

"அலுவலகத்துல பத்திரமா இருக்கு. இனிமே அது தேவைப்படாது."

அவளுக்குக் கண் இருட்டியது. அந்த முட்கள் ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் இறங்குவதுபோல இருந்தது. பேச வாயெடுத்தாள். அதற்குள் அந்தப்பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

"ரொட்டிக்காரி! அம்மாடி! குட்டிக்கு வலி எடுத்துடுச்சு! ரத்தமா போகுது!"

அவள் சுவரை நோக்கி ஓடினாள். "மாமா! ஆம்புலன்ஸ் சொன்னீங்களா?"

"சொல்லி வந்தும் ஆச்சு! சந்துக்குள்ள வர்ற வழியைச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க, பள்ளத்து மேல ஒத்தைப் பலகை. வண்டி தெருமுனையிலயே நிக்குது! இவளைப் பலகை மேல தூக்கிட்டுப் போக முடியல, பள்ளத்துல விழுந்துட்டா என்ன பண்றது!"

அதற்குள் தங்கையின் குரல், நூலிழை மாதிரி: "அக்கா... இதுவும் போயிடுமா அக்கா?"

அந்த ஒரு கேள்வியில் ரொட்டி அக்காவின் இத்தனை கால வாழ்க்கையும் அவள் கண்முன் ஓடியது. பள்ளிக்கூட வாசலில் கையை விட மறுத்த குட்டி. காய்ச்சலில் மடியில் கிடந்த குட்டி. இரண்டு முறை வெறுங்கையோடு வீடு திரும்பிய குட்டி.

அவள் திரும்பிச் செயலாளரைப் பார்த்தாள். அழவில்லை.

"சார், ஏணி இருந்தா நான் ஏறிடுவேன். முள்ளு கிழிச்சாலும் ஏறிடுவேன். ஆனா அவளை எப்படி இறக்குவேன்? இந்தப்பக்கம் ரோடு நல்லா இருக்கு. ஆம்புலன்ஸ் என் வீட்டு வாசல் வரைக்கும் வரும். நடுவுல இருக்கிறது இந்தச் சுவர் ஒண்ணுதான். இதை உடைக்கச் சொல்லுங்க சார்."

கூலிக்காரர்கள் செயலாளரைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார், "உள்ள கம்பி கட்டாத வெறுங்கல்லுதான் சார். மிஷினை வச்சா சீக்கிரம் விழுந்துடும். நீங்க சொல்லணும்."

செயலாளரின் உதடு துடித்தது. "சங்கத்தைக் கேக்காம... பொதுச் சொத்து... நான் எப்படி..."

அலறல் கேட்டு அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்திருந்தன. பின்கட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செயலாளரின் மனைவி முன்னே வந்தாள். அவள் குரலில் அன்றைய கேலி இல்லை.

"திருடன் நம்மைக் கட்டிப் போட்டப்போ நாம எவ்வளவு நேரம் கத்தினோம்? ஞாபகம் இருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லார் வீட்லயும் விளக்கு எரிஞ்சது. ஒரு கதவும் திறக்கல. 'அடுத்தவங்க கத்தும்போது கதவைச் சாத்திக்கிறவன் மனுஷனா'ன்னு நீங்கதான் அழுதீங்க. இப்போ அந்தப்பக்கம் ஒருத்தி கத்துறா."

செயலாளர் தொப்பியைக் கழற்றினார். அவர் கண்களில் நீர் தளும்பி நின்றது. அடுத்த கணம் அவர் போட்ட சத்தத்தில் மரத்துப் பறவைகள் பறந்தன.

"உடைங்கய்யா!"

முள்கம்பி கட்ட வந்த அதே கைகள் இயந்திரத்தைத் தூக்கின. சுவர் அதிர்ந்தது. தூசி கிளம்பியது. ஒரு கல் உதிர்ந்தது, அடுத்த கல் உதிர்ந்தது. செயலாளர் கைபேசியில் கேட்டுக்குக் கத்தினார்: "ஆம்புலன்ஸ் வரும்! பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம், பதிவும் வேண்டாம்! கேட்டைத் திறந்து வை! கடைசி வரிசைக்கு வழி காட்டு!" மறுகையால் கற்களை இழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். எதிர்வீட்டுக்காரி வெறுங்கையால் கல்லைப் புரட்டினாள். அந்தப்பக்கத்திலிருந்து சந்துக்காரர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள்; ஒருவன் தெருமுனையில் நின்ற ஆம்புலன்ஸை நெடுஞ்சாலை வாசலுக்குத் திருப்பிவிட ஓடினான். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் இடித்தார்கள்.

ஓர் ஆள் நுழையும் துளை விழுந்ததுதான் தாமதம், ரொட்டி அக்கா அதற்குள் புகுந்துவிட்டாள். தோள் சிராய்த்தது தெரியவில்லை. கட்டிலில் தங்கை வெளுத்துக் கிடந்தாள்.

"அக்கா..."

"வந்துட்டேன்டி. போகாது. இந்தத் தடவை எதுவும் போகாது. என் கையைப் பிடிச்சுக்கோ."

ஆம்புலன்ஸின் ஊளை குடியிருப்பின் அகலமான சாலையில் ஒரு தடங்கலும் இல்லாமல் நெருங்கி வந்தது. ஸ்ட்ரெச்சர் ரொட்டி அக்காவின் வீட்டுக்குள் புகுந்து, பின்கதவு வழியாக, இடிந்த சுவரைத் தாண்டிச் சந்துக்குள் போனது. திரும்பும்போது அதை எத்தனை கைகள் பிடித்தன என்று யாரும் பார்க்கவில்லை. சந்துக்காரி பிடித்தாள், குடியிருப்புக்காரர் பிடித்தார், கூலிக்காரர் பிடித்தார். செயலாளரின் மனைவி தங்கையின் தலைமாட்டில் துண்டால் தூசியைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். பின்னால் மாமனாரின் குரல் மட்டும் துரத்தியது: "பார்த்துப் போங்கப்பா! வளைவுல மெதுவா!"

மருத்துவமனை நடைபாதையில் ரொட்டி அக்கா உட்காரவே இல்லை. மாவுத் தூசி படிந்த வேலை உடுப்பின் மேல் சிமென்ட் தூசியும் படிந்திருந்தது. செயலாளர் ஒரு மூலையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் விரல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. "உட்காருங்கம்மா" என்றார். "உட்கார முடியல சார்" என்றாள் அவள்.

கதவு திறந்தது. மருத்துவர் முகக்கவசத்தை இறக்கினார். "பொண்ணு. சின்னதாத்தான் இருக்கு, ஆனா குரல் பெருசு. தாயும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா என்னால இப்படிச் சொல்ல முடிஞ்சிருக்காது."

அதுவரை அழாத ரொட்டி அக்கா அப்போதுதான் அழுதாள். அந்த மருத்துவமனையின் கண்ணாடிகள் அதிரும்படி, வெட்கமே இல்லாமல், சிரித்துக்கொண்டே அழுதாள்.

சுவரில் விழுந்த துளையை என்ன செய்வது என்று முடிவு செய்ய, கிளப் ஹவுஸில் கூட்டம் கூடியது. நாற்காலி போதாமல் மாடிப்படியிலும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பேசவில்லை. இரட்டைக் குழந்தைகளின் தாய் ஒருத்தி எழுந்தாள். "அன்னிக்கு நானும்தான் கல்லு தூக்கினேன். ஆனா என் பிள்ளைங்க ரோட்ல பயமில்லாம சைக்கிள் ஓட்டுறதுக்காகத்தான் நான் இங்க வந்தேன். நாளைக்கு யார் யாரோ உள்ள வந்தா?"

ரொட்டி அக்கா எழுந்து நின்றாள். மேடைப் பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அடுப்புப் பிரிவின் இரைச்சலில் கத்திப் பழகிய குரல் இருந்தது.

"நீங்க சொல்றது நியாயம்மா. எனக்கும் இந்த இடம் பிடிக்கும். இருட்டுல பயமில்லாம நான் நடந்தது இங்கதான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லல. கதவு வைப்போம், பூட்டு வைப்போம், பகல்ல மட்டும் திறப்போம். காவலுக்கு ஆள் வேணும்னா என் வேலை முடிஞ்சு நானே உட்கார்றேன். ஆனா ஒண்ணு. அன்னிக்கு உங்க கை பட்டுத்தான் என் குட்டி பிழைச்சா. அதுக்கு முன்னாடி உங்கள்ல பாதிப் பேரோட குரல்கூட எனக்குத் தெரியாது. இப்போ எல்லார் குரலும் தெரியும். சுவரை மூடினா அதையும் சேர்த்து மூடிடுவோமோன்னு பயமா இருக்கு."

செயலாளர் மெல்ல எழுந்தார்.

"அந்தக் கதவோட சாவியை நான் வச்சுக்கறேன்" என்றார். "தினமும் நானே திறப்பேன், நானே பூட்டுவேன். யார் பயப்படுறீங்களோ, அவங்களுக்கெல்லாம் சேர்த்து நானே பயந்துக்கறேன். அது எனக்குக் கைவந்த தொழில்."

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு மண்டபமே சிரித்தது. இரட்டைக் குழந்தைகளின் தாயும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. எண்ண வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

தங்கை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாள், கதவுக்கு அடித்த வண்ணம் இன்னும் காயவில்லை. லாரிக்காரன் மனைவியையும் மகளையும் காரில் கூட்டி வந்து ரொட்டி அக்காவின் வாசலில் இறக்கினான். வீட்டுக்குள் நுழைந்து பின்கட்டுக்கு வந்தால், இந்தப்பக்கம் குடியிருப்பே திரண்டு நின்றது, அந்தப்பக்கம் சந்தே திரண்டு நின்றது. மாமனாரைக் கட்டிலோடு தூக்கி வந்து சந்தின் நடுவில் போட்டிருந்தார்கள். பேத்தியைப் பார்க்கும் ஆசையில் அவருக்குப் பேச்சே வரவில்லை. சந்துக்காரர்களுக்கு அது பெரிய அதிசயம்.

செயலாளர் பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றார்.

தங்கை குழந்தையோடு வாசலில் தயங்கினாள். "அக்கா, நீ முதல்ல போ."

"ஏண்டி, பிள்ளை பெத்தவ நீ. நீ போ."

"இந்த வழியை உண்டாக்கினவ நீ. நீ போகாம நான் போகமாட்டேன்."

"சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கமே உனக்குக் கிடையாதுடி!"

"உன்கிட்ட வளர்ந்தேன்ல, எப்படி இருக்கும்?"

"அண்ணி, யாராவது ஒருத்தர் போங்க" என்றான் லாரிக்காரன். "பின்னாடி டிராஃபிக் நிக்குது!"

இரண்டு பக்கமும் சிரிப்பு அலையடித்தது. ரொட்டி அக்கா தழும்பேறிய கையைத் தங்கையின் தோளைச் சுற்றிப் போட்டுத் தன்னோடு இழுத்துக்கொண்டாள். ஒருவர் மட்டும் நுழைகிற அகலத்துக்குத்தான் அந்த வாசலை வைத்திருந்தார்கள். அக்காவும் தங்கையும் பிள்ளையும் ஒன்றாகவே அதற்குள் நுழைந்தார்கள்.